ஆறு கட்டை மாப்பிள்ளை

எனக்கு மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. முப்பத்து நான்கு வருஷம் கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் இருந்தது தபால் பிரிவு. வருகிற கடிதத்துக்கு நம்பர் போடுவேன், போகிற கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டுவேன். இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் மின்சாரம் ஒருநாளும் குறுக்கே வந்ததில்லை. (தலைக்கு மேல் மின்விசிறி ஒன்று இருந்தது. அதுவும் ஓடாது.)

ஆனால் தென்காசியில் என்னைக் குடிவைத்த தெருவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் புரியவில்லை. யார் வீட்டில் பல்பு மின்னினாலும் "கரண்ட் ஆபீஸ்காரவாளைக் கூப்பிடு" என்பார்கள். நானும் போவேன். அண்ணாந்து பார்ப்பேன். "லைன்ல வோல்டேஜ் கம்மி" என்று சொல்லிவிட்டு, அவர்கள் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு வருவேன். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே இரண்டு வருஷம் ஓட்டினேன். பாதி நாள் அது உண்மையாகவும் இருந்து தொலைத்ததால், என் மேல் ஊருக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. "தெரியாது" என்ற சொல் அந்த வயதில் என் வாயில் வராது. அது ஒரு வியாதி. அதற்கு வைத்தியம் குற்றாலத்தில், என் மாமனார் வீட்டுக் கூடத்தில், முப்பது பேர் முன்னால் நடந்தது.

அறுபதுகளின் நடுவில் ஒரு வைகாசியில் எனக்குக் கல்யாணமாயிற்று. மனைவி செண்பகம், குற்றாலத்துக்காரி. பள்ளிப் படிப்பை முழுதாக முடித்தவள். விஞ்ஞானப் பாடத்தில் வகுப்பில் முதல் என்று பெண் பார்க்கப் போன அன்றே அவள் அம்மா சொன்னாள். அதைக் கேட்டு நான் சிரித்துக்கொண்டேன். பிற்பாடு எனக்குச் சிரிக்க அவகாசம் கிடைக்கவில்லை.

அந்த ஆடியில் தலை ஆடிக்கு அழைத்தார்கள். ஆடிக்கு அழைக்காத மாமியாரைத் தேடிப்பிடித்து அடிக்கச் சொல்லிப் பழமொழி இருக்கிறது. அழைத்த மாமியாரை, வந்த மாப்பிள்ளை பழிவாங்கிவிட்டால் என்ன செய்வது என்பதற்குப் பழமொழி இல்லை.

அழைப்பில் இன்னொரு விசேஷமும் சேர்ந்துகொண்டது. செண்பகத்தின் தங்கை குழல்வாய்மொழிக்குப் பதினெட்டு வயது. குழலு என்று கூப்பிடுவார்கள். நன்றாகப் பாடுவாள். விருந்தன்று மத்தியானம் பன்னிரண்டரைக்குத் திருநெல்வேலி ரேடியோ ஸ்டேஷனில் அவள் பாடப்போகிறாள். கால் மணி நேரம், இரண்டு பாட்டு. அப்போதெல்லாம் நேரே பாட வேண்டியதுதான். அந்தக் கால் மணியில் கேட்டால் கேட்டது, விட்டால் விட்டது. என் மாமனாருக்கு ஒரு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை. பெண்ணை முதல் பஸ்ஸில் பாட்டு டீச்சரோடு அனுப்பிவிட்டு, கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டியைக் காலை ஏழு மணிக்கே கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாட்டைக் கேட்ட பிறகுதான் இலை போட வேண்டும் என்பது அவர் உத்தரவு.

தெருவிலேயே ரேடியோ அந்த வீட்டில் மட்டும்தான் உண்டு. கொழும்பில் கடை வைத்திருந்த மாமா, அதாவது என் மாமியாரின் தம்பி, கொண்டுவந்து கொடுத்த ட்ரான்சிஸ்டர். ஜப்பான் சாமான், தோல் உறை போட்டு ஒரு சின்னப் பலகாரப் பெட்டி அளவில் இருக்கும். பஜாரில் காபிக் கடையிலும் ஒரு ரேடியோ இருந்தது. ஆனால் சீசன் கூட்டத்துக்கு அங்கே சிலோன் சினிமாப் பாட்டைத் தவிர வேறு எதையும் வைக்கமாட்டார்கள்.

காலை எட்டு மணிக்கு மாமனார் ரேடியோவைத் திருகினார். சத்தமில்லை.

குற்றாலத்துச் சாரல் மனிதனுக்குச் சுகம், சாமானுக்கு ஆகாது. ரேடியோவுக்குள் இருந்த ஸ்பிரிங்கெல்லாம் எப்போதோ துருப்பிடித்துப்போக, கொழும்பு மாமா அவற்றைப் பிடுங்கிவிட்டு இரண்டு வயரை வெளியே இழுத்து, கட்டைகளை ஒரு மூங்கில் குழாயில் போட்டுப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார். (பேட்டரி செல்லை எங்கள் பக்கத்தில் கட்டை என்போம். ரெண்டு கட்டை லைட்டு, மூணு கட்டை லைட்டு என்று டார்ச்சுக்குப் பெயர்.) மாப்பிள்ளை வருகிறார் என்று வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, கட்டை ஒழுகிக் கறை படிந்த அந்தக் குழாயை மாமியார் கட்டையோடு சேர்த்துக் குப்பையில் எறிந்துவிட்டாள். இப்போது சுவரில் ஆணி இருந்தது. ரேடியோவிலிருந்து இரண்டு வயர் மீசை மாதிரி தொங்கியது. உள்ளே எத்தனை கட்டை இருந்தது என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. கொழும்புக்குத் தந்தியா அடிக்க முடியும்?

எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"மாப்பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? கரண்ட் ஆபீஸே அவிய கையிலல்லா இருக்கு" என்றாள் மாமியார்.

அந்த இடத்தில் "எனக்குத் தெரியாது அத்தை" என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நான் ரேடியோவைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு சின்னத் தகட்டில் ஆறு என்று எண் போட்டு, பக்கத்தில் 'வி' என்று ஆங்கில எழுத்து ஒன்று இருந்தது. தலையை ஆட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தெருவில் கால் வைத்த பிறகு, எதற்கும் கேட்டுக்கொள்வோம் என்று திரும்பி, முற்றத்தில் நின்ற மாமனாரிடம் சத்தமாகக் கேட்டேன்.

"மாமா, எத்தனை கட்டை?"

"ஆறு கட்டை, மாப்ளே!" என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"ஆறா? அவ்வளவு வேணுமா மாமா?"

"வேணும்லா! ஆறு இருந்தாத்தான் எடுப்பா இருக்கும். அஞ்சரை போதும்னு சொல்லுதாவ. அஞ்சரைன்னா மந்தமா இருக்கும் மாப்ளே, கூட்டத்துல எடுபடாது."

அஞ்சரை என்றதும் எனக்கு லேசாக உறுத்தியது. அது என்ன அரைக் கட்டை? பாதி தீர்ந்த கட்டையாக இருக்கும் என்று நானே பொருள் சொல்லிக்கொண்டேன். ரேடியோவிலும் ஆறு, மாமனார் வாயிலும் ஆறு. இரண்டு சாட்சி ஒன்றாகச் சொன்ன பிறகு வக்கீலுக்கு என்ன வேலை?

குற்றாலத்தில் அந்த மாதம் எண்ணெய் கிடைக்கும், பழம் கிடைக்கும், துண்டு கிடைக்கும், கட்டை கிடைக்காது. தென்காசிக்குப் பஸ் ஏறினேன். பஸ் முழுக்க அருவிக் கூட்டம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளித்தும் குளிக்காமலும் வந்த ஒரு பெரியவர், என் மாப்பிள்ளைச் சட்டையின் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கினார். நான்கு கடை ஏறி இறங்கி ஆறு கட்டை வாங்கினேன். திரும்பும் பஸ்ஸில் படிக்கட்டில்கூட இடமில்லை. நடந்தேன். காற்று குடையைத் திருப்பியது. மேலகரம் தாண்டியதும் நனைந்த காகிதப் பை கிழிந்து, ஆறு கட்டையும் ரோட்டில் உருண்டன. ஐந்தைப் பிடித்துவிட்டேன். ஆறாவது வாய்க்காலில் விழுந்துவிட்டது.

போகட்டும் என்று வந்திருக்கலாம். தெய்வம் அந்த இடத்தில் எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். நான் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, கால் மணி நேரம் சேற்றைத் துழாவி, அந்தக் கட்டையைக் கண்டுபிடித்துத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். கடமை உணர்ச்சியில் மட்டும் என்னைக் குறை சொல்ல முடியாது.

வீடு சேர்ந்தபோது மணி பதினொன்றரை. கால் வலி, பசி, சட்டையில் எண்ணெய், வேட்டியில் சேறு. கூடத்தில் தெருவே கூடியிருந்தது. நடுவில் முக்காலி, அதன் மேல் ரேடியோ, அதற்கு ஒரு முழம் மல்லிகை. கட்டைகளை வரிசையாக வைத்துச் செய்தித்தாளில் சுருட்டிச் சணலால் கட்ட ஆரம்பித்தேன். செண்பகம் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"ஏங்க, ஆறா போடுதீய?"

"ஆமா. பின்னால ஆறுன்னு போட்டிருக்குல்லா."

"அது ஆறு வோல்ட்டுங்க. ஒரு கட்டைக்கு ஒண்ணரை வோல்ட்டு. அப்போ நாலுதான வரும்?"

"யாரு சொன்னா?"

"புஸ்தகத்துல இருக்கு. பக்கத்துல வின்னு ஒரு எழுத்து இருக்கு பாருங்க, அது வோல்ட்டு."

நான் அவளை ஏறிட்டுப் பார்த்தேன். கல்யாணமாகி இரண்டு மாதம். இப்போதே இடம் கொடுத்தால் என்ன ஆவது? "வி-ங்கறது கம்பெனிக்காரன் பேரு. உங்க அப்பாவே ஆறுன்னுட்டாவ. கூட ரெண்டு இருந்தா நல்லாத்தான கேக்கும்? கொறைஞ்சாத்தான் தப்பு" என்றேன். ரகசியமாகச் சொல்லியிருக்கலாம். முப்பது பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அவள் எழுந்து போய்த் தூண் ஓரம் நின்றுகொண்டாள். அந்த நிற்பை இந்த ஐம்பத்தைந்து வருஷத்தில் நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

வயரை வைத்து அழுத்தினேன், குமிழைத் திருகினேன். ஆகா! விவசாயப் பேச்சு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நெல்லில் பூச்சி விழுவதைப் பற்றி ஒருவர் போட்ட சத்தத்தில் முக்காலி அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக் கோமு அக்கா கன்னத்தில் கை வைத்தாள். "ஏயப்பா, கொழும்புக்காரவிய போட்டப்போ இவ்வளவு சத்தம் இல்லியே! மாப்பிள்ளை கை பட்டா அதுக்குத் தனிதான்." நான் தூண் பக்கம் திரும்பிச் செண்பகத்தை ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வைக்காக இன்றுவரை அனுபவிக்கிறேன்.

பன்னிரண்டே காலுக்கு விவசாயக்காரர் குரல் தடித்தது. வாய் நிறைய முறுக்கை வைத்துக்கொண்டு பேசுகிறவர் மாதிரி ஆனார். பூச்சியையே தின்றுவிட்டாரோ என்று யாரோ கேட்டார்கள். பிறகு ஒரு வாசனை வந்தது. மாமியார் "ஐயையோ வடை!" என்று அடுப்படிக்கு ஓடினாள். வடை நன்றாகத்தான் இருந்தது.

பன்னிரண்டரை. அறிவிப்பாளர் பெண் வந்தாள். கரகரப்பின் நடுவே, "அடுத்து, கர்நாடக இசை. பாடுபவர் குற்றாலம் குழல்வாய்..." என்றாள். மாமனார் கை கூப்பினார்.

அவ்வளவுதான். 'மொழி' வரவில்லை. ரேடியோவின் முதுகிலிருந்து ஊதுபத்திப் புகை அளவுக்கு ஒரு கோடு எழுந்து மல்லிகைப் பூவுக்குள் போனது.

தட்டினேன். குலுக்கினேன். கிழக்கே திருப்பினேன், மேற்கே திருப்பினேன். ஒருவர் டார்ச்சை நீட்டி, "இதுல ரெண்டு கட்டை இருக்கு, அதையும் சேத்துப் போட்டுப் பாருங்களேன்" என்றார். நான் அதையும் வாங்கிச் சணலை அவிழ்த்தேன். (சிரிக்காதீர்கள். அவிழ்த்தேன்.)

"போதும்ங்க" என்றாள் செண்பகம்.

மாமனார் மெதுவாகக் குனிந்து செய்தித்தாள் சுருட்டைப் பார்த்தார். எண்ணினார். "எதுக்கு மாப்ளே ஆறு?"

"நீங்கதான மாமா சொன்னீய, ஆறு கட்டைன்னு."

"நான் ரேடியோவுக்கா சொன்னேன்? குழலுக்குல்லா சொன்னேன்! அவ சுருதி ஆறு கட்டை. டீச்சரம்மா அஞ்சரைன்னாவ. நாந்தான் ஆறுன்னு பிடிச்ச பிடியில நின்னு..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் செத்த ரேடியோவுக்கு முன்னால் மறுபடி சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சநேரம் கழித்து, "இப்ப ரெண்டாவது பாட்டு ஆரம்பிச்சிருப்பா. மோகனம்" என்றார். தொடையில் தாளம் போட்டார். முப்பது பேரும் அசையாமல் அந்தத் தாளத்தைக் கேட்டோம். பன்னிரண்டே முக்காலுக்கு, "முடிஞ்சிருக்கும். இலையைப் போடு" என்று எழுந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எழுந்து போகிறவர்களை மாமனார் கை காட்டி நிறுத்தினார். "எல்லாருக்கும் ஒண்ணு சொல்லுதேன். மாப்பிள்ளை தலை ஆடிக்கு வந்த எடம். ஒரு பேச்சு வந்துரப்படாது. புள்ளைக்கும் மனசு ஒடிஞ்சிரும். நாம பாட்டைக் கேட்டோம், நல்லாருந்துச்சு. பாட்டு முடிஞ்ச பொறவுதான் பொட்டி போச்சு. வெளங்குதா?"

தெருவுக்கு விளங்கியது. சாயங்காலம் நாலு மணிக்குக் குழலு டீச்சரோடு வந்து வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. களைப்பு என்று நினைத்தோம். அவள் வாயைத் திறப்பதற்குள் மாமனார், "பிரமாதம்மா! பிரமாதம்!" என்றார். தெரு பின்தொடர்ந்தது. ஆளுக்கொரு பிரமாதம். கோமு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மூணாவது பாட்டுல நான் அழுதே போயிட்டேன்டி" என்றாள். குழலு டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தரையைப் பார்த்தாள். பிறகு குழலு என் பக்கம் திரும்பி, "அத்தான், நீங்க கேட்டீங்களா?" என்றாள்.

"எடுப்பா இருந்துச்சு" என்றேன்.

மறுநாள் ரேடியோவைத் தென்காசியில் ரிப்பேர்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது வால்வு ரேடியோ இல்ல சார். வால்வு கொஞ்சம் கூடக்கொறையத் தாங்கும். இதுக்குள்ள இருக்கது மிளகு சைஸுல ட்ரான்சிஸ்டர். இவ்வளவுதான் தாங்கும்னு அதுக்கு ஒரு அளவு உண்டு. ஆறு வோல்ட்டுக்காரனுக்கு ஒம்பது குடுத்தா மொதல்ல நல்லா கத்துவான், பொறவு சூடாயிச் செத்துருவான். அஞ்சு கட்டை போட்டிருந்தாக்கூட ஒருவேளை பொழைச்சிருப்பான்" என்றார். வாய்க்கால் என் கண்முன் ஓடியது. "நீங்க எங்க சார் வேலை பாக்கீய?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்துல" என்றேன்.

தெரு ஒரு மாதம் வாயைக் கட்டியது. அதற்குப் பிறகு குழலுக்கும் ரேடியோ விஷயம் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து நான் 'ஆறு கட்டை மாப்பிள்ளை'. இலையில் சோறு வைக்கும்போது "நாலா, ஆறா?" என்பார்கள். குழந்தை வீறிட்டு அழுதால் "அப்பா கட்டை போட்டுட்டாரு" என்பாள் செண்பகம். கடிகாரம் நின்றால் பேரனைக் கூப்பிடுவார்கள். டிவி ரிமோட்டை என் கையில் கொடுக்கும்போது மூடியை ரப்பர் பேண்டால் கட்டிக் கொடுப்பார்கள். நான் எதிர்ப்பதை விட்டு வெகுகாலம் ஆகிறது. அலுத்துவிட்டது. குழலு முதல்முதல் ரேடியோவில் பாடியதை அவள் அப்பா கேட்க முடியாமல் செய்தவன் நான். அந்தப் பாவத்துக்கு இது குறைந்த தண்டனைதான் என்று சுமந்துகொண்டிருந்தேன்.

என் அறுபதாம் கல்யாணத்தில்தான் அது இறங்கியது. சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். சுரண்டையில் பாட்டு டீச்சராக இருக்கும் குழலு பக்கத்தில் இருந்தாள். மாமனாருக்கு எண்பத்தாறு வயது, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். யாரோ வழக்கம்போல ரேடியோ கதையை எடுத்தார்கள். குழலு வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"அத்தானைப் போதும் விடுங்க. நான் அன்னைக்குப் பாடவே இல்ல."

மடித்த வெற்றிலையைத் தட்டில் வைத்தாள்.

"சிகப்பு லைட்டு எரிஞ்சிச்சு. அப்பா சொன்னாவளேன்னு ஆறு கட்டையில எடுத்தேன். என் தொண்டை அஞ்சரைதான். மேல போகையில அப்படியே கிழிஞ்சு நின்னுட்டு. ஒரு நிமிஷம்கூட ஆகல. நிறுத்திட்டு நாயன ரெக்கார்டைப் போட்டுட்டாவ. அப்பா மூஞ்சியில எப்படி முழிக்கன்னு பஸ் முழுக்க அழுதுக்கிட்டே வந்தேன். வந்தா, பிரமாதம்னு சொல்லுதீங்க! கோமு அக்கா மூணாவது பாட்டுல அழுதேன்னப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, ரேடியோ ஓடலைன்னு. அத்தான் அதைக் கருக்கலைன்னா நான் அப்புறம் வாயே திறந்திருக்க மாட்டேன்."

முப்பத்தைந்து வருஷம்! ஒரு கடுதாசி போட்டிருக்கக்கூடாதா? நான் வாயைத் திறந்தேன். செண்பகம் முந்திக்கொண்டாள்: "அதுக்காக வி-ன்னா கம்பெனிக்காரன் பேருன்னு ஆயிருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோதுதான் மாமனார் கண்ணைத் திறந்திருப்பதைப் பார்த்தோம். காது மந்தமாகி வெகுநாளானவர். என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை என்று யாருக்கும் தெரியாது. குழலுவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அரைக் கட்டைதானன்னு நெனைச்சேன்ம்மா" என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க கூட்டினது ரெண்டு கட்டை, மாப்ளே."

அதிலிருந்து வீட்டில் இன்னொரு வழக்கம் சேர்ந்துகொண்டது. பிள்ளைகளை யாராவது படி படி என்று கொஞ்சம் அதிகமாக விரட்டினால், செண்பகம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எத்தனை கட்டை?" என்று கேட்பாள். விரட்டியவர் நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலும் அது நான்தான்.